எத்தனை ஃபோர்க்லிஃப்ட் வேண்டும்? காலி ஓட்டத்தை விட்டுவிட்ட ஒரு கணக்கு

பிப்ரவரி 9 – கேள்வி

"வடசென்னை மணலியில் உதிரிபாகத் தொழிற்சாலை. ஸ்டோர்ஸ், மெஷின் ஷாப், பெயிண்ட், அசெம்பிளி, டெஸ்பாட்ச் என்று ஐந்து இடம். மணிக்கு 41 பேலட் (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு) நகர வேண்டும். ஒரு பேலட்டைத் தூக்கி, கொண்டுபோய், இறக்கச் சராசரி 2.8 நிமிடம். மொத்தம் 115 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 1.9. ஆக பேலட் தூக்கும் வண்டி, அதாவது ஃபோர்க்லிஃப்ட், 2 போதும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷாப்பில், அதாவது வேலைத்தளத்தில், 5 கேட்கிறார்கள். 2-க்கும் 5-க்கும் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? ஆட்கள் சும்மா கேட்கிறார்களா?"

பிப்ரவரி 9, இரவு

சும்மா கேட்கவில்லை. உங்கள் 2.8 நிமிடத்தில் வண்டி லோடோடு இருக்கும் நேரம் மட்டும்தான் இருக்கிறது. இறக்கிய இடத்திலிருந்து அடுத்த பேலட் இருக்கும் இடத்துக்கு வண்டி காலியாகப் போகிறதே, அந்த நேரம் எந்த வரியிலும் இல்லை. காலையில் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு நிரம்பிப் போகும் ஷேர் ஆட்டோ திரும்பும்போது பாதி காலியாகத்தான் வரும். எத்தனை ஆட்டோ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தத் திரும்பும் நேரத்துக்கும் சம பங்கு உண்டு.

இந்தப் பகுதியில் வெவ்வேறு ஆலைகளில் தொழில் பொறியியல் பிரிவில் இருந்தவன் நான். ஸ்டாப் வாட்சோடு ஸ்டோர்ஸ் வாசலில் நின்றிருந்தபோது மூத்த ஆபரேட்டர் ஒருவர் கேட்டது: "இன்னா சார், லோடோட போறத மட்டும் எழுதுறீங்க. காலியா வர்றது யார் கணக்கு?" அன்றிலிருந்து என் படிவத்தில் காலி ஓட்டத்துக்குத் தனிப் பத்தி உண்டு.

எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு மணிக்கு எத்தனை பேலட், எத்தனை மீட்டர் தூரம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். அது இல்லாமல் எண்ணிக்கை பேசிப் பயனில்லை.

பிப்ரவரி 10

தூரத்தை வரைபடத்தில் அளக்காதீர்கள். வண்டி போகும் பாதையில் நடந்து அளக்க வேண்டும். தூணைச் சுற்றுவது, ரோலிங் ஷட்டர் திறக்கும்வரை நிற்பது எதுவும் வரைபடத்தில் தெரியாது.

பிப்ரவரி 12

அட்டவணை வந்துவிட்டது, நன்றி. எல்லோரும் பார்க்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். மணிக்கு:

ஸ்டோர்ஸ் – மெஷின் ஷாப்: 10 பேலட், 120 மீட்டர்
ஸ்டோர்ஸ் – அசெம்பிளி: 4 பேலட், 200 மீட்டர்
மெஷின் ஷாப் – பெயிண்ட்: 8 பேலட், 90 மீட்டர்
பெயிண்ட் – அசெம்பிளி: 8 பேலட், 60 மீட்டர்
அசெம்பிளி – டெஸ்பாட்ச்: 9 பேலட், 80 மீட்டர்
டெஸ்பாட்ச் – ஸ்டோர்ஸ் (திரும்பும் காலிப் பெட்டிகள்): 2 பேலட், 240 மீட்டர்

பெருக்கிக் கூட்டினால் லோடோடு ஓட்டம் மணிக்கு 4,400 மீட்டர். வளைவு, ஹார்ன், எதிரே வரும் ஆள் எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று எடுத்தால் 55 நிமிடம். தூக்க, இறக்க ஒரு பேலட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 61.5 நிமிடம். இரண்டும் சேர்ந்து 116.5. உங்கள் 115 இங்கேதான் வருகிறது, அதுவரை கணக்கு சரி.

இப்போது காலி ஓட்டம். ஒவ்வோர் இடத்திலும் வந்து இறங்குவது எத்தனை, புறப்படுவது எத்தனை என்று பாருங்கள். ஸ்டோர்ஸிலிருந்து 14 புறப்படுகின்றன, 2 வருகின்றன. அங்கே மணிக்கு 12 காலி வண்டி வந்து சேர்ந்தாக வேண்டும். மெஷின் ஷாப்பில் 10 இறங்கி 8 புறப்படுவதால் 2 வண்டி மிச்சம். அசெம்பிளியில் 12 இறங்கி 9 புறப்படுகின்றன, மிச்சம் 3. டெஸ்பாட்சில் 7. பெயிண்டில் வரவும் போக்கும் சமம். மிச்சமாகும் 12-ம் ஸ்டோர்ஸுக்குத் திரும்ப வேண்டும்: 240, 600, 1,680 மீட்டர், ஆக 2,520. இது 31.5 நிமிடம். வண்டிகளை எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டினாலும் இதற்குக் கீழே போகவே முடியாது.

மொத்தம் 148 நிமிடம். டீ, ஆபரேட்டர் மாற்றம், டயர், பேட்டரி தண்ணீர் பார்ப்பது எல்லாம் போக மணிக்கு 50 நிமிடம்தான் வண்டி கையில் கிடைக்கும். 148-ஐ 50-ஆல் வகுத்தால் 2.96.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

அந்த 2.96-ஐப் பார்த்து "சரி, 3" என்று உடனே எழுதிவிடாதீர்கள். மூன்று வண்டியும் மூச்சு விடாமல் ஓட வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இந்த வழிமுறை என்னுடையது அல்ல. தானியங்கி வண்டிகளுக்காக மேக்ஸ்வெல், மக்ஸ்டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. உங்கள் ஆலையில் பற்றாக்குறை ஒரே இடம், ஸ்டோர்ஸ் மட்டும். அதனால் காலி வண்டியை எங்கே அனுப்புவது என்ற குழப்பம் இல்லை. இரண்டு மூன்று இடங்களில் பற்றாக்குறை இருந்தால், எந்த மிச்சத்தை எங்கே அனுப்பினால் மொத்தத் தூரம் குறையும் என்று கல்லூரியில் படித்த போக்குவரத்துக் கணக்கைப் போட வேண்டும். எக்செல் சால்வரிலேயே முடிந்துவிடும்.

பிப்ரவரி 14

வேகம் குறைவாக எடுத்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்பது மணிக்கு 4.8 கிலோமீட்டர், ஆள் விறுவிறுவென்று நடக்கும் வேகம். கேட்டலாக்கில் இதைவிட இரண்டு மூன்று மடங்கு போட்டிருப்பார்கள். ஆனால் 60 மீட்டர், 90 மீட்டர் ஓட்டத்தில் வண்டி வேகம் பிடிப்பதற்குள் பிரேக் அடிக்க வேண்டியிருக்கும். ஆட்கள் நடக்கும் பாதையில் அதற்கு மேல் ஓட்டச் சொல்வதும் தப்பு. கேட்டலாக் வேகத்தை வைத்து வண்டியைக் குறைத்த இடங்களில் கடைசியில் ஆபரேட்டர்தான் அவசரப்படுத்தப்படுகிறார், பேலட் சரிந்தால் பழியும் அவர் மேல்தான் விழும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 17

2,520 மீட்டர் என்பது மிகக் குறைந்த அளவு. உங்கள் ஷாப்பில் நிஜமாக நடப்பது வேறு: யார் முதலில் கூப்பிட்டாரோ அவரிடம் முதலில் வண்டி போகிறது. டெஸ்பாட்சில் இறக்கிய வண்டி மெஷின் ஷாப்புக்குக் காலியாக ஓடும். அதே நேரத்தில் மெஷின் ஷாப்பில் இறக்கிய வண்டி அசெம்பிளிக்குக் காலியாக ஓடும். நடுவழியில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போகும். இதை வடசென்னையில் நான் பார்த்த ஏறக்குறைய எல்லா ஷாப்பிலும் பார்த்திருக்கிறேன்.

அதையும் கணக்கிடலாம். இறக்கிய இடத்துக்கும் அடுத்த அழைப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்து, ஒவ்வொரு ஜோடி இடத்துக்கும் தூரத்தை எடையிட்டுக் கூட்டினேன். உங்கள் அட்டவணையில் இல்லாத ஜோடிகளுக்கு நீங்கள் தனியாக அனுப்பிய தூரங்களை வைத்துக்கொண்டேன். மணிக்குக் கிட்டத்தட்ட 4,880 மீட்டர் வருகிறது, அதாவது 61 நிமிடம். லோடோடு ஓடுவதைவிட இது அதிகம்!

மொத்தம் 177.5 நிமிடம். 50-ஆல் வகுத்தால் 3.55. ஆக, அதே ஆலை, அதே 41 பேலட்: காலி ஓட்டமே இல்லாமல் 60 நிமிடமும் வண்டி கிடைத்தால் 2, நன்றாக ஒழுங்குபடுத்தினால் 3-ஐத் தொடும், இப்போது நடக்கும்படி நடந்தால் 4.

பிப்ரவரி 18

"அப்படியானால் 4 வாங்கினால் முடிந்தது" என்று மணலி நண்பர் எழுதியிருக்கிறார். 4 வண்டியில் 3.55 வண்டி வேலை என்றால் ஓட்டம் 89 சதவீதம். மீட்டிங்கில் கேட்க நன்றாக இருக்கும். லைனில் நிற்பவருக்கு அது எத்தனை நிமிடக் காத்திருப்பு என்பதுதான் கேள்வி.

எர்லாங் என்ற டேனிஷ் பொறியாளர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இங்கேயும் பொருந்தும். அழைப்புகள் தாறுமாறாக வருகின்றன, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரமும் தாறுமாறு என்று வைத்துப் போட்டேன்:

4 வண்டி, முதலில் கூப்பிட்டவருக்கு முதலில்: சராசரிக் காத்திருப்பு சுமார் 9 நிமிடம்.
5 வண்டி, அதே முறை: சுமார் ஒன்றரை நிமிடம்.
4 வண்டி, காலி ஓட்டத்தைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தால்: சுமார் 2 நிமிடம்.

தொழிற்சாலையில் வேலைகள் இவ்வளவு தாறுமாறாக வராது, அதனால் நிஜக் காத்திருப்பு இதைவிடக் குறையலாம். ஆனால் மூன்றுக்கும் இடையே உள்ள வரிசை மாறாது. ஷாப்பில் 5 கேட்டது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அவர்கள் கணக்குப் போடவில்லை, அந்த 9 நிமிடத்தை நின்று அனுபவித்தவர்கள். மூன்றாவது வரியையும் கவனியுங்கள். ஐந்தாவது வண்டி தரும் பலனில் பெரும்பகுதியை, வண்டியை ஒழுங்காக அனுப்புவதாலேயே பெறலாம்.

பிப்ரவரி 19

எப்படி அனுப்புவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு வாக்கி டாக்கி. மெஷின் ஷாப்பில் இறக்கிய வண்டி, அங்கே பெயிண்டுக்குத் தயாராக இருக்கும் பேலட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். பெயிண்டில் இறக்கியதும் அங்கிருந்து அசெம்பிளிக்கு ஒன்று. அசெம்பிளியிலிருந்து டெஸ்பாட்சுக்கு ஒன்று. டெஸ்பாட்சில் காலிப் பெட்டி இருந்தால் அதோடு ஸ்டோர்ஸுக்கு. இறக்கிய இடத்திலேயே அடுத்த லோடு கிடைத்தால் காலி ஓட்டம் தானாகக் குறையும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் இருப்பதையே எடு என்று விட்டுவிட்டால் வண்டிகள் மெஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் நடுவிலேயே சுற்றும். தூரத்தில் இருக்கும் ஸ்டோர்ஸ் பட்டினி கிடக்கும். எக்பெலு, டான்சோக்கோ என்ற ஆய்வாளர்கள் 1984-லேயே வண்டி அனுப்பும் விதிகளை ஆராய்ந்து, கிட்டத்து விதியில் இந்தக் கோளாறு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரு வரம்பு வையுங்கள்: எந்த அழைப்பும் 5 நிமிடத்தைத் தாண்டினால் தூரம் பார்க்காமல் அதற்குத்தான் அடுத்த வண்டி.

பிப்ரவரி 21

சிமுலேஷன் (ஆலை ஓட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) போடாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். இருபது முப்பது தானியங்கி வண்டிகள் ஒரே பாதையில் ஓடும் இடத்துக்கு அது சரி. ஐந்து இடம், நாலைந்து ஃபோர்க்லிஃப்ட் உள்ள ஆலைக்கு இந்தக் காகிதக் கணக்கு முதலில் வரட்டும். இரண்டு வண்டியா எட்டு வண்டியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அட்டவணை தப்பாக இருந்தால் எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது.

பிப்ரவரி 25

அப்படியானால் ஒன்றுக்கு இரண்டாக 6 வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு.

எண்ணூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் பெயிண்ட் ஷாப்புக்கு ஒரே வாசல். எதிரெதிராக இரண்டு ஃபோர்க்லிஃப்ட் போக முடியாது. லைன் நிற்கிறது என்று ஒரு வண்டி கூடுதலாகக் கொண்டுவந்தார்கள். வாசலில் கூட்டம் கூடியதே தவிர, நகர்ந்த பேலட் கூடவில்லை. ஒரு வண்டி பின்வாங்க, அதற்குப் பின்னால் நிற்பது பின்வாங்க, நடைபாதையில் போகும் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். கடைசியில் வாசலுக்கு வெளியே நான்கு பேலட் வைக்கும் அளவுக்கு மஞ்சள் கோடு போட்டு, உள்ளே ஒரு வண்டி, வெளியே மற்றவை என்று பிரித்தார்கள். கூட்டம் அன்றே குறைந்தது. கூடுதல் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு குறுகலான இடத்துக்கு இரண்டு வண்டிக்கு மேல் ஒரே நேரத்தில் வர வாய்ப்பிருந்தால் சூத்திரம் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. முதலில் அந்த வாசலைப் பாருங்கள்.

பிப்ரவரி 27

வண்டியை எண்ணும்போது ஆபரேட்டரையும் எண்ணுங்கள். மூன்று ஷிப்ட், 4 வண்டி என்றால் 12 பேர் போதாது. வார விடுப்பு, லீவு சேர்த்தால் 15-க்கு மேல் போகும். மாசித் திருவிழா நேரத்தில் திருவொற்றியூரிலிருந்து வருகிறவர்கள் லீவு கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பயிற்சி இல்லாத ஆளை அந்த நாட்களில் சீட்டில் உட்கார வைப்பதை மட்டும் எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த முடியாது.

மார்ச் 3

மீஞ்சூர் நண்பர் பேச்சை வேறு பக்கம் இழுத்திருக்கிறார்: துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் கொண்டுவர எத்தனை டிரெய்லர்?

அடிப்படை இன்னும் எளிது. ஒரு நாளைக்கு எத்தனை கண்டெய்னர் என்பதை ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தால் பெருக்க வேண்டும். லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த விதி. நாளைக்கு 12 கண்டெய்னர், ஒரு சுற்று 8 மணி நேரம் என்றால் 4 டிரெய்லர். சுற்று 16 மணி நேரமானால் 8. காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் மணலியிலிருந்து தூரம் ஒன்றும் பெரிதல்ல. சுற்று நேரத்தில் ஓட்டம் கொஞ்சம்தான், வரிசையில் நிற்பதுதான் மிச்சமெல்லாம். பொன்னேரி நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே டிரைவர்கள் ரோட்டோரம் ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிடுவதும் இந்தச் சுற்று நேரத்துக்குள்தான் அடங்கும்.

அதனால் சராசரிச் சுற்றை மட்டும் எடுக்காதீர்கள். பத்தில் ஒன்பது சுற்று எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது என்று பாருங்கள். அதற்கு டிரெய்லரை எண்ணுங்கள். மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வந்தால் மணலி புதுநகர்ப் பக்கம் சுற்று நேரம் என்று ஒன்றே இருக்காது.

மார்ச் 4

நேற்று எழுதியதிலிருந்து ஒரு கேள்வி உறுத்துகிறது. மணலி நண்பரே, உங்கள் ஆலைக்கும் கண்டெய்னர் வருமே? அதை யார் இறக்குகிறார்கள்? 41 பேலட்டில் அது இல்லை.

மார்ச் 6

பதில் வந்தது: அதே ஃபோர்க்லிஃப்ட்கள்தான் இறக்குகின்றன, நாளைக்கு ஒன்றிரண்டு கண்டெய்னர், பெரும்பாலும் பிற்பகலில். இது பெரிய விஷயம். 40 அடி கண்டெய்னர் ஒன்றில் ஓரடுக்காகச் சுமார் 20 பேலட் இருக்கும். உள்ளே நுழைந்து, எடுத்து, பின்வாங்கி, டாக்கில் (கண்டெய்னர் இறக்கும் மேடையில்) வைக்க ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 40 நிமிடம். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முழு வண்டி அங்கேயே போய்விடும். 4 வண்டி இருந்தால் லைனுக்கு மிஞ்சுவது 3.

மூன்று வண்டியில் 2.96 வண்டி வேலை என்பதை மேலே பார்த்தோம். ஒழுங்காக அனுப்பினால்கூட அந்த நேரத்தில் லைன் திணறும், இப்போது இருக்கும் முறையில் நின்றே போகும். அதுவும் 2 மணிக்கு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டிரெய்லர் வந்தால் கேட்கவே வேண்டாம். ஷாப்பில் 5 கேட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். போன மாதம் நான் 4 பக்கம் சாய்ந்திருந்தேன். டாக்கைச் சேர்த்துப் பார்த்தால் 4-உம் அந்த நேரத்துக்கு மட்டும் இன்னொன்றும் என்றுதான் இப்போது சொல்வேன்.

மார்ச் 9

டக்கர் வண்டி பற்றிக் கேட்டவருக்கு. முன்னால் ஒரு இழுவை வண்டி, பின்னால் நான்கைந்து டிராலி, குறித்த நேரத்துக்கு ஒரு சுற்று. ஸ்டோர்ஸிலிருந்து மெஷின் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் போகும் 14 பேலட்டுக்கு இது அருமையாகப் பொருந்தும், ஒரே சுற்றில் நாலைந்து போய்விடும். போகும்போது லோடு, வரும்போது காலிப் பெட்டி. நேர அட்டவணை நிலையாக இருந்தால் வண்டி எண்ணிக்கையைச் சரியாகவே கண்டுபிடித்துவிடலாம். டான்ட்சிக், ஃபல்கர்சன் என்ற கணிதவியலாளர்கள் 1954-ல் எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பாதையில் மேடு பள்ளம் இருந்தால் மட்டும் யோசியுங்கள், பழைய ஷெட்களில் டிராலி குதிக்கும்.

மார்ச் 11

பேட்டரி. லெட் ஆசிட் என்றால் 8 மணி ஓட்டம், 8 மணி சார்ஜ், 8 மணி ஆறுவது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் வண்டிக்கு மூன்று பேட்டரி இல்லையென்றால் உங்கள் 4 வண்டி இரவில் 4 ஆக இருக்காது. லித்தியம் என்றால் டீ நேரத்தில் செருகிக்கொள்ளலாம், விலைதான் கூட.

மார்ச் 20

மணலி நண்பர் வாக்கி டாக்கியோடு ஒரு ஆளை நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஸ்டோர்ஸ் அழைப்புக்கு 5 நிமிட வரம்பும் வைத்திருக்கிறார். லைன் ஆட்களின் புகார் குறைந்தது, பிற்பகலில் மட்டும் இன்னும் இழுக்கிறது என்கிறார். எதிர்பார்த்ததுதான்.

என் யோசனை: 4 வண்டி வாங்குங்கள். ஐந்தாவதை மாத வாடகைக்கு எடுத்து டாக்கில் மட்டும் நிறுத்துங்கள். லைன் சூப்பர்வைசர் யார் கூப்பிட்டாலும், கண்டெய்னர் நிற்கும்வரை அது டாக்கை விட்டு நகரக் கூடாது. டிரான்ஸ்போர்ட்காரரிடம் பேசி டிரெய்லரை 3 மணிக்குப் பிறகு வரச் சொல்ல முடியுமா என்று பாருங்கள், நிறுத்திவைப்புக் கட்டணம் வராதபடி. மார்ச் கடைசியில் டெஸ்பாட்ச் எகிறும், அந்த இரண்டு வாரத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஜூன் வரை ஐந்து வண்டியின் ஹவர் மீட்டரையும் (வண்டி ஓடிய மணியைக் காட்டுவது) வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். டாக் வண்டி நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடினால் வாடகையை நிறுத்திவிடலாம். நாலு மணியைத் தாண்டினால் அப்போது வாங்குவது பற்றிப் பேசுவோம். அந்த எண்களை இங்கேயே போடுங்கள்.